எண்ணப்படாதவர்கள் எழுதிய பதிவேடு: பம்பாய்க் குடிசைச் சங்கங்களின் ஆவணங்களை வாசித்தல்

குடியிருப்போர் சங்கங்களின் ஆவணங்களை வரலாற்று ஆய்வில் நாம் பெரும்பாலும் துணைச் சான்றுகளாகவே நடத்துகிறோம். சந்தா வரவு, கூட்டத் தீர்மானம், மாநகராட்சிக்கு அனுப்பிய மனுவின் நகல், குழாய் கேட்டு எழுதிய நினைவூட்டுக் கடிதம் என்று அவை நீளும். கட்சி ஆவணங்களில் காணும் கொள்கை விவாதம் அவற்றில் இல்லை. நீதிமன்ற ஆவணங்களுக்குரிய அதிகாரமும் இல்லை. ஆனால் பம்பாயின் குடிசைப் பகுதிகளிலும் நடைபாதைகளிலும் 1970களுக்குப் பின் எழுந்த சங்கங்களின் பதிவேடுகள் இந்த மதிப்பீட்டைத் திருத்திக்கொள்ளச் சொல்கின்றன. அங்கே ஒரு குடும்பம் நகரத்தில் தங்குமா, அகற்றப்படுமா என்பது ஒரு பட்டியலில் அதன் பெயர் இருக்கிறதா என்பதைப் பொறுத்திருந்தது. ஆகவே அந்தப் பட்டியலை யார் எழுதுவது என்பதே போராட்டத்தின் பொருளாயிற்று. (நகரின் பெயர் 1995இல் மும்பை என மாறியது. அதற்கு முந்தைய நிகழ்வுகளைப் பேசும்போது பம்பாய் என்றே எழுதுகிறேன்.)

நடுத்தர வர்க்கக் குடியிருப்போர் நலச்சங்கத்தின் ஆவணம் கிரயப் பத்திரத்திற்குப் பிறகு தொடங்குகிறது. உறுப்பினர் யார், அவருக்குரிய இடம் எது என்பவை பதிவுத்துறையில் முன்பே முடிவாகிவிட்டவை. அச்சங்கம் குப்பை, சாலை, விளக்கு, வரி ஆகியவற்றைப் பற்றி எழுதினால் போதும். குடிசைச் சங்கத்திற்கு அந்த வசதி இல்லை. அரசு அதனிடம் கேட்பது ஒரே கேள்விதான்: எப்போதிலிருந்து இங்கே இருக்கிறீர்கள்? இக்கேள்விக்குத் தேதியோடும் சான்றோடும் விடை சொல்லக் கடமைப்பட்ட மக்கள் தங்கள் வரலாற்றைத் தாங்களே எழுத வேண்டியிருந்தது. அந்த எழுத்தின் வலிமையும் அதன் எல்லையும் இந்தக் கட்டாயத்திலிருந்தே பிறந்தன என்பதே இப்பதிவின் வாதம்.

மகாராஷ்டிரத்தின் குடிசைப் பகுதிச் சட்டம் 1971இல் வந்தது. 1976 ஜனவரி 4 அன்று, ஒரே நாளில், பம்பாயின் குடிசைகளை மாநில அரசு கணக்கெடுத்தது. கணக்கில் வந்த குடும்பங்களுக்குப் புகைப்பட அடையாள அட்டை கிடைத்தது. 'போட்டோபாஸ்' என்று மக்கள் அழைத்த அந்த அட்டை வெறும் அடையாளச் சான்றாக நின்றுவிடவில்லை. அகற்றப்பட்டால் மாற்றிடம் கேட்பதற்கான தகுதியும் அதுவே ஆனது. அன்றிலிருந்து 1976 என்பது பம்பாயின் ஏழை மக்களிடையே ஒரு எல்லைக்கோடாயிற்று. நடைபாதைகளில் வசித்தவர்கள் பெரும்பாலும் இந்தக் கணக்கிற்குள் வரவில்லை. நடைபாதை நடப்பதற்கான இடம், குடியிருப்பதற்கான நிலம் ஆகாது என்ற நிர்வாகப் பார்வை அவர்களை எண்ணிக்கைக்கு வெளியே நிறுத்தியது.

எண்ணப்பட்டவர்களுக்கும் பாதுகாப்பு உறுதியாக இருக்கவில்லை. பாபா அணு ஆராய்ச்சி மையத்தை ஒட்டியிருந்த ஜனதா காலனி, கணக்கெடுப்பு நடந்த அதே ஆண்டில், நெருக்கடிநிலைக் காலத்தில் அகற்றப்பட்டது. சுமார் 70,000 பேர் வாழ்ந்த குடியிருப்பு அது. அவர்களில் தமிழர்கள் கணிசமானவர்கள். அங்கிருந்து அகற்றப்பட்டவர்கள் குடியேறிய இடமே இன்றைய சீத்தா கேம்ப். அகற்றத்தை எதிர்த்துப் பல ஆண்டுகள் நீதிமன்றத்திலும் தெருவிலும் போராடியவர்களை ஒருங்கிணைத்தவர் ஜாக்கின் அற்புதம். கோலார் தங்கவயலில் பிறந்து, இளவயதில் பம்பாய்க்குப் பிழைக்க வந்து தச்சு வேலை செய்த தமிழர். 1970களின் நடுவில் தேசியக் குடிசைவாசிகள் கூட்டமைப்பு உருவானதில் அவர் பங்கு முதன்மையானது. 2000இல் மகசேசே விருது பெற்ற அவர் 2018இல் மறைந்தார்.

ஜனதா காலனியில் தொடக்க நாட்களில் நடந்த ஒரு செயலை அவரே நினைவுகூர்ந்திருக்கிறார். மாநகராட்சி அள்ளாமல் விட்ட குப்பையைச் சிறுவர்கள் பொட்டலம் பொட்டலமாகக் கட்டி எடுத்துச்சென்று மாநகராட்சி அலுவலகத்தில் போட்டார்கள். எழுத்தில் அனுப்பியிருக்கக்கூடிய மனு ஒன்று பொருளாகவே அலுவலகத்தைச் சென்றடைந்தது. ஆனால் குப்பையைக் கொண்டுபோய்ப் போடுவது போல, ஒரு குடும்பம் இருபது ஆண்டுகளாக ஓரிடத்தில் வாழ்ந்த உண்மையை அலுவலக வாசலில் கொண்டுபோய்ப் போட முடியாது. அதற்குக் காகிதம்தான் வேண்டும்.

காகிதம் இல்லாதவர்கள் அரசின் முன் எப்படித் தோன்றினார்கள் என்பதை 1981க்குப் பிந்தைய வழக்கு காட்டுகிறது. அந்த ஆண்டு ஜூலையில், கொட்டும் மழைக்காலத்தில், நடைபாதைவாசிகளை அகற்றி அவரவர் சொந்த ஊருக்கு அனுப்பப்போவதாக முதலமைச்சர் ஏ.ஆர். அந்துலே அறிவித்தார். இடிப்பும் தொடங்கியது. இதை எதிர்த்துத் தொடுக்கப்பட்ட மனுக்களே பின்னர் உச்ச நீதிமன்றத்தில் ஓல்கா டெல்லிஸ் வழக்கு என்ற பெயரில் நிலைபெற்றன. மனுதாரர்களில் ஒருவர் சேலத்திலிருந்து வந்த நிலமற்ற கூலித் தொழிலாளி. தீர்ப்பில் பதிவாகியுள்ள அவருடைய கதை சில வரிகளே நீளும்: வறட்சியில் வேலையிழந்து 1961இல் பம்பாய்க்கு வந்தார், தஹிசரில் ஒரு இரசாயனத் தொழிற்சாலையில் நாளுக்கு 23 ரூபாய் கூலி, மேற்கு விரைவுச்சாலையின் நடைபாதையில் பிளாஸ்டிக் தாளும் கித்தானும் கொண்டு மறைத்த ஓரிடத்திற்கு உள்ளூர் தாதா ஒருவர் பறித்த தொகை 2,500 ரூபாய், 1981 ஜூலை 23 அன்று அந்த மறைப்பு இடிக்கப்பட்டு, மனைவி, மூன்று மகள்களோடு சேலத்திற்குப் பேருந்தில் ஏற்றப்பட்டார், குடும்பம் சேலத்திலேயே தங்க, அவர் வேலை தேடிப் பம்பாய்க்குத் திரும்பி, மறுபடியும் ஒரு நடைபாதை வீட்டில் புகுந்தார்.

இந்தப் பதிவு எந்த இலக்கண இடத்தில் எழுதப்பட்டிருக்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும். 'அவர்' என்ற படர்க்கை. சட்டத்தின் மொழியில் ஏழைக்குத் தன்மை இடம் கிடையாது. அவர் 'மனுதாரர்' ஆகித்தான் பேச முடியும். நகராட்சியின் ஏட்டிலோ அந்த 'மனுதாரரும்' இல்லை. மராத்தி நிர்வாக மொழியில் 'அதிக்ரமண்', நம் நிர்வாகத் தமிழில் 'ஆக்கிரமிப்பு' என்னும் தொழிற்பெயர் மட்டுமே உண்டு. செய்தவர் மறைந்து செயல் மட்டும் மிஞ்சும் சொல் அது. 1888ஆம் ஆண்டின் பம்பாய் மாநகராட்சிச் சட்டம், 314ஆம் பிரிவில், ஆணையர் முன்னறிவிப்பின்றியே ஆக்கிரமிப்பை அகற்றலாம் என்று கூறியது. செயலுக்கு முகம் இல்லையென்றால் அறிவிப்பை யாரிடம் கொடுப்பது?

1985 ஜூலை 10 அன்று தலைமை நீதிபதி ஒய்.வி. சந்திரசூட் தலைமையிலான அரசமைப்பு அமர்வு தீர்ப்பளித்தது. வாழ்வதற்கான உரிமையில் வாழ்வாதார உரிமையும் அடங்கும் என்று அது ஏற்றது. இதற்காகவே அத்தீர்ப்பு இன்றும் சட்ட வகுப்புகளில் கற்பிக்கப்படுகிறது. நடைபாதையில் குடிசை போடும் உரிமை தங்களுக்கு இல்லை என்று உயர் நீதிமன்றத்தில் மனுதாரர்கள் தரப்பு ஒப்புக்கொண்டிருந்தது. அடிப்படை உரிமையை எவரும் அப்படி விட்டுக்கொடுத்துவிட முடியாது என்று கூறி, அவ்வொப்புதலை அவர்களுக்கு எதிராகப் பயன்படுத்த உச்ச நீதிமன்றம் மறுத்தது. அவர்கள் குற்ற நோக்குடன் அத்துமீறியவர்கள் அல்லர், வேறு வழியின்றி அங்கே வாழ்பவர்கள் என்றும் சொன்னது. முன்னறிவிப்பு கொடுப்பதே விதி, கொடுக்காமல் விடுவது விலக்கு என்று 314ஆம் பிரிவுக்குப் பொருள் கொண்டது.

இத்தனைக்கும் பிறகு, அகற்றுவதற்கு அது அனுமதி அளித்தது. 1985 அக்டோபர் 31 வரை பொறுத்திருக்க வேண்டும் என்பதே காலக்கெடு. 1976 கணக்கெடுப்பில் இடம்பெற்றவர்களுக்கு மாற்றிடம் வழங்க வேண்டும் என்ற ஆணையோடு ஒரு துணைவாக்கியமும் சேர்ந்து வந்தது: மாற்றிடம் தருவது அகற்றலுக்கு முன்நிபந்தனை ஆகாது. இருபது ஆண்டுகளோ அதற்கு மேலோ நிலைத்து, மேம்படுத்தப்பட்ட குடிசைப் பகுதிகளை, பொது நோக்கத்திற்கு நிலம் தேவைப்பட்டால் ஒழிய அகற்றக் கூடாது என்றும் கூறப்பட்டது. உரிமைக் கோட்பாட்டுக்காகத் தீர்ப்பை வாசிப்பவர்கள் இப்பகுதியை விரைந்து கடந்துவிடுகிறார்கள். நடைபாதையில் இருந்தவர்களுக்கு இதுவே தீர்ப்பின் உயிர்நிலை. 1976இல் எண்ணப்பட்டீர்களா, எத்தனை ஆண்டுகளாக இருக்கிறீர்கள் ஆகிய இரண்டுமே ஆவணம் கேட்கும் கேள்விகள்.

அந்தக் காலக்கெடுவின் நிழலில்தான் நடைபாதைவாசிகளின் கணக்கெடுப்பு நடந்தது. 1984இல் தொடங்கப்பட்ட 'ஸ்பார்க்' என்னும் தொண்டு நிறுவனம் பைகுல்லாவின் நடைபாதைப் பெண்களோடு பணியாற்றிவந்தது. 1985இல் அது சுமார் 6,000 குடும்பங்களை, ஏறத்தாழ 27,000 மக்களை, எண்ணி ஓர் அறிக்கை வெளியிட்டது. நடைபாதைவாசிகள் எங்கிருந்தோ வந்துபோகும் நாடோடிக் கூட்டம் என்ற பொதுக்கருத்தை அந்த அறிக்கை எண்களால் எதிர்கொண்டது. அவர்கள் நாட்டின் மிக வறிய மாவட்டங்களிலிருந்து வந்தவர்கள். பலர் ஆண்டுக்கணக்கில் அதே இடத்தில் வாழ்பவர்கள். நகரத்துக்குத் தேவையான வேலைகளைக் குறைந்த கூலிக்குச் செய்பவர்கள். பேருந்துக்கும் இரயிலுக்கும் செலவழிக்க இயலாததால் வேலைக்கு நடந்துபோகும் தொலைவில் குடியிருப்பவர்கள். நடைபாதையைத் தேர்ந்ததன் பின்னே இருந்த கணக்கு அறிக்கையில் தெளிவாயிற்று. தீர்ப்புக்குப் பின் அஞ்சப்பட்ட ஒட்டுமொத்த அகற்றம் அந்த ஆண்டு நிகழவில்லை. ஆங்காங்கே இடிப்புகள் தொடர்ந்தன.

அறிக்கையின் தலைப்பு 'வீ, தி இன்விசிபிள்'. அரசமைப்பின் முகவுரை தொடங்கும் 'வீ' என்ற சொல்லை அது தெரிந்தே எதிரொலிக்கிறது. மொழியியல் படித்தவர்களுக்கு இங்கே நின்று யோசிக்க இடமுண்டு. ஆங்கிலத்தின் 'வீ' கேட்பவரைத் தன்னோடு சேர்த்துக்கொள்கிறதா, விலக்குகிறதா என்று சொல்வதில்லை. தமிழ் அதைச் சொல்லியே ஆக வேண்டும்: உளப்பாட்டுத் தன்மை 'நாம்', விலக்குத் தன்மை 'நாங்கள்'. மராத்தியிலும் 'ஆபண்', 'ஆம்ஹி' என்ற வேறுபாடு உண்டு. முகவுரையின் தமிழாக்கம் 'நாம்' என்கிறது. மராத்தியாக்கம் 'ஆம்ஹி' என்கிறது. நடைபாதை அறிக்கையின் தலைப்பைத் தமிழில் எப்படிச் சொல்வது? 'நாம்' என்றால் வாசிக்கும் அதிகாரியும் கண்ணுக்குப் புலப்படாதவராகிவிடுகிறார். 'நாங்கள்' என்றுதான் சொல்ல முடியும். அரசமைப்பின் 'நாம்' எங்களை எண்ணாமல் விட்டது என்ற குற்றச்சாட்டு அந்த விலக்குத் தன்மைக்குள் இருக்கிறது.

அதே தலைப்பு வேறொரு கேள்வியையும் எழுப்புகிறது. அறிக்கை ஆங்கிலத்தில் எழுதப்பட்டது. எழுதியவர்கள் நடைபாதையில் வாழ்ந்தவர்கள் அல்லர். படர்க்கையிலிருந்து தன்மைக்கு நகர்ந்தது பெரிய பெயர்ச்சிதான். ஆனால் அந்தத் தன்மை கடன் வாங்கிய தன்மை. அரசு வாசிக்கும் மொழியில் பேச வேண்டுமென்றால் அந்த மொழி தெரிந்தவரின் கை தேவைப்பட்டது. இக்கூட்டணியை ஆராய்ந்த அர்ஜுன் அப்பாதுரை 2001இல் வெளியான கட்டுரையில் இதனை 'ஆழ்ந்த மக்களாட்சி' என்னும் கருத்தோடு இணைத்துப் பேசினார். அரசு மக்களை எண்ணி ஆளும் உத்தியை, மக்களே தங்களை எண்ணிக்கொள்வதன் மூலம் திருப்பிப் பிடிக்கிறார்கள் என்பது அவர் வாசிப்பு. அந்த வாசிப்பை நான் ஏற்கிறேன். ஆனால் எண்ணிக்கை திரும்பும்போது அரசின் வகைமைகளும் கூடவே சங்கத்திற்குள் வந்துவிடுகின்றன என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

தாராவியின் எண்கள் இதைத் தெளிவாக்கும். 1985இல் பம்பாய்க்கு 100 கோடி ரூபாய் பிரதமர் நிதியாக அறிவிக்கப்பட்டது. அதில் ஒரு பகுதி தாராவிச் சீரமைப்புக்குரியது. அரசின் மதிப்பீட்டில் தாராவியின் மக்கள்தொகை சுமார் 3,00,000. கூட்டமைப்பு 1986இல் தானே எடுத்த கணக்கில் சுமார் 86,000 கட்டடங்களில் 1,06,000 குடும்பங்கள், 5,30,000 மக்கள். இவ்வளவு பெரிய இடைவெளி கூட்டல் பிழையால் வருவதில்லை. குடும்பம் என்பது எது என்ற வரையறையால் வருவது. ஒரே சமையலறையில் உண்போர் ஒரு குடும்பம் என்பது இந்திய மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் வரையறை. நம் ஊர்ப் பேச்சில் 'தனி உலை' வைத்தால் தனிக் குடும்பம். ஆனால் வீட்டைக் கொண்டு எண்ணும் அரசுத் திட்டத்தில், ஒரே கூரையின் கீழ் இரண்டு உலை எரிந்தாலும் அது ஒரு வீடு. மாடியில் வாடகைக்கு இருப்பவருக்கு அங்கே வரிசை எண் கிடையாது. எதை எண்ணுவது என்ற முடிவிலேயே யாருக்கு வீடு என்ற முடிவும் அடங்கிவிட்டது.

இச்சங்கங்களின் ஆவணங்கள் அனைத்தும் அரசை நோக்கியவை அல்ல. நடைபாதைப் பெண்கள் அமைத்த 'மகிளா மிலன்' சிறுசேமிப்பில் எழுத்தறியாதவர்களுக்காக ஒரு கணக்குமுறை இருந்தது. ஒவ்வொருவருக்கும் ஒரு பிளாஸ்டிக் பை. அதனுள் வண்ணக் காகிதத் துண்டுகள். ஒவ்வொரு வண்ணமும் ஒரு தொகை. பையைத் திறந்து பார்த்தால் தன் சேமிப்பு எவ்வளவு என்பது எவர் உதவியும் இன்றித் தெரியும். எழுத்தில்லாத பதிவேடு இது. அதன் வாசகரும் உரிமையாளரும் ஒருவரே. நீதிமன்றத்தில் இதைச் சான்றாக வைக்க முடியாது, ஆவணக்காப்பகமும் எளிதில் இதை ஏற்காது. ஆனால் சங்கத்தின் மீது பெண்கள் வைத்த நம்பிக்கை இந்தப் பைகளில் வளர்ந்தது. வெளியே காட்டும் பட்டியலுக்குப் பின்னால் உள்ளே வைத்துக்கொள்ளும் கணக்கு ஒன்று இருந்தது என்பதை நினைவில் கொண்டால்தான் இவ்வமைப்புகளை மனு எழுதும் குழுக்களாக மட்டும் சுருக்காமல் இருப்போம்.

சங்கத்தின் பட்டியலை அரசு ஏற்றுக்கொண்டால் என்ன ஆகும் என்பதற்கு இரயில் பாதை ஓரக் குடியிருப்புகள் சான்று. மும்பை நகர்ப்புறப் போக்குவரத்துத் திட்டத்திற்காகத் தண்டவாள ஓரத்திலிருந்து மக்களை இடம்பெயர்க்க வேண்டியிருந்தபோது, பல ஆண்டுகளாகச் சங்கங்கள் செய்துவந்த கணக்கெடுப்பு முறை நடைமுறைக்கு வந்தது. குடிசைகளுக்கு எண் இடுவது, வரைபடம் தயாரிப்பது, பட்டியலை மக்கள் முன் வைத்துத் திருத்துவது ஆகிய பணிகளில் குடியிருப்பாளர்களே ஈடுபட்டனர். 2000ஆம் ஆண்டையொட்டி 60,000க்கும் மேற்பட்டவர்கள் வன்முறையின்றி இடம்பெயர்ந்தனர். பக்கத்து வீட்டார் முன்னிலையில் சரிபார்க்கப்படும் பட்டியலில் போலிப் பெயர் நுழைவது கடினம். உண்மையான பெயர் விடுபடுவதும் கடினம். அலுவலக மேசையில் தயாராகும் பட்டியலுக்கு இந்தக் காவல் கிடையாது.

இதன் மறுபக்கத்தைச் சொல்லாவிட்டால் வரலாறு புகழுரையாகிவிடும். தகுதி நாள் 1976இலிருந்து 1980க்கும் 1985க்கும், பின்னர் 1995 ஜனவரி 1க்கும் 2000 ஜனவரி 1க்கும் நகர்ந்தது. ஒவ்வொரு நகர்வும் போராட்டத்தின் வெற்றி. ஒவ்வொன்றும் அந்த நாளுக்குப் பின் வந்தவரைச் சட்டத்திற்கு வெளியே நிறுத்திய கோடு. 2004 டிசம்பரிலிருந்து 2005 தொடக்கம் வரை மும்பையில் 80,000க்கும் மேற்பட்ட குடிசைகள் இடிக்கப்பட்டபோது, 1995க்குப் பிறகு வந்தவர்கள் என்பதே சொல்லப்பட்ட காரணம். பழைய குடியிருப்பாளர்களைக் காத்த அதே தேதி புதியவர்கள்மேல் விழுந்தது. பட்டியல் எழுதும் சங்கமும் ஒரு வாயிற்காவலர்தான். வாடகைதாரரைச் சேர்ப்பதா, கணவனைப் பிரிந்த பெண்ணின் உலையைத் தனியாக எண்ணுவதா, ஊருக்குப் போயிருப்பவரின் பெயரை நிறுத்திவைப்பதா என்னும் முடிவுகள் சங்கத்தின் கைக்கு வருகின்றன. அரசின் 'எப்போதிலிருந்து?' என்ற கேள்வியை எதிர்த்து எழுந்த அமைப்பு, அதே கேள்வியைப் பக்கத்து வீட்டாரிடம் கேட்கும் நிலைக்கு வருகிறது.

ஆகவே இத்தகைய பதிவேடு கைக்குக் கிடைக்கும் மாணவர்களுக்கு மூன்று கேள்விகளைப் பரிந்துரைக்கிறேன். முதலாவது, இது யாரிடம் காட்ட எழுதப்பட்டது? நகராட்சிக்கு எழுதிய பட்டியலையும் உறுப்பினர்களுக்குள் வைத்த கணக்கையும் ஒரே வகைச் சான்றாகக் கொள்ளக் கூடாது. இரண்டாவது, எண்ணும் அலகு எது? கூரையா, உலையா, ஆளா? மூன்றாவது, அடித்தல் திருத்தல்கள் எங்கே இருக்கின்றன? சேர்க்கப்பட்டுப் பின் நீக்கப்பட்ட பெயர், மாற்றி எழுதிய ஆண்டு, வேறு மையில் வந்த வரி ஆகியவை சங்கத்திற்குள் நடந்த வாதங்களின் தடயங்கள். நகல் எடுக்கும்போது நாம் 'தெளிவான' படியைத் தேடுகிறோம். வரலாறு பெரும்பாலும் தெளிவற்ற படியில் இருக்கிறது.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும். 2024இல் தாராவியில் மறுசீரமைப்புக்காக வீடு வீடாகக் கணக்கெடுப்பு தொடங்கியது. யார் எந்த ஆண்டிலிருந்து, தரைத்தளத்திலா மேல்தளத்திலா என்னும் கேள்விகள் மீண்டும் உயிர்பெற்றுவிட்டன. பழைய பேரேடுகள் அங்கே வெறும் வரலாற்றுப் பொருள்கள் அல்ல. ஒரு குடும்பத்தின் உரிமையை நிறுவவும் மறுக்கவும் பயன்படக்கூடிய சான்றுகள். ஆவணங்களைக் காப்பதற்காக அவற்றை மின்படியாக்கிப் பொதுவெளியில் ஏற்றுவது நம் துறையில் இன்று நற்செயலாகக் கருதப்படுகிறது. குடிசைச் சங்கப் பதிவேடுகளைப் பொறுத்தவரை இதில் அவசரம் கூடாது. பெயரும் வீட்டு எண்ணும் வந்த ஆண்டும் உள்ள பக்கங்களை வெளியிடும் முன், அந்தப் பெயர்களுக்குரியவர்களிடமும் பதிவேட்டைக் காத்துவந்த சங்கத்திடமும் கேட்க வேண்டும். அவர்கள் மறுத்தால், படியைச் சங்கத்திடமே ஒப்படைத்துவிட்டு, எண்ணிக்கையையும் முறையையும் மட்டும் எழுதினால் போதும். நம் ஆய்வேட்டுக்குப் பின்னிணைப்பு ஒன்று குறையும், அவ்வளவே. அந்தப் பட்டியலில் இருப்பவர்களுக்கு அதைப் பொறுத்துத்தான் வீடு.